வேர்ப்பட்டை, மூன்று கிலோ

அந்தச் செடியின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நாளைக்கே யாராவது கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வரப்போரம் முளைக்கும், ஆடு வாய் வைக்காது, இடுப்பளவு வளரும். இவ்வளவு தெரிந்தால் போதும். அதன் வேரில் ஒரு புதுச் சேர்மம் இருக்கிறது என்று நான் எழுதினேன். அப்படி ஒன்று இல்லவே இல்லை, இவள் புளுகுகிறாள் என்று ஆறு வருஷம் என்னைச் சொன்னார்கள். விஷயம் இதுதான்.

என் பெயர் சந்தனா. ஆரணியில் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். மத்தியானம் வகுப்பு முடிந்ததும் பஸ் ஏறி, வேலூர்ப் பக்கம் இன்னொரு கல்லூரியில் இருக்கும் ஆய்வகத்துக்குப் போவேன். பகுதி நேர பிஎச்.டி. திட்டு மட்டும் முழு நேரம். என் கைடு பாலமுருகன் சார், செடிகொடிகளிலிருந்து சேர்மங்களைப் பிரித்தெடுத்து அவற்றின் அமைப்பைக் கண்டுபிடிக்கிறவர். எந்த அணு எதோடு சேர்ந்திருக்கிறது, எந்த வளையம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்கிற வேலை. கேட்க நன்றாக இருக்கும். செய்து பார்த்தால் முதுகு ஒடிந்துவிடும்.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அப்பா நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டார். பட்டு நெய்கிறவர்கள் தெருவில் எங்களுடையது ஒரே ஒரு நயினார் வீடு, தமிழ்ச் சமணர்கள். காலையில் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தறிக்கான பாவு நூலை நீட்டியிருப்பார்கள், ஓரமாக ஒதுங்கித்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். அம்மா சக்ரேஸ்வரி அந்தத் தெருவில் முப்பது வருஷம் இருந்தும் ஒரு பட்டுப்புடவை கட்டியதில்லை. கூட்டோடு புழுவை வேகவைக்கிறார்கள் என்பாள். வீட்டில் வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது, கிழங்கு எதுவும் கிடையாது, பொழுது சாய்ந்தபின் சாப்பாடும் கிடையாது. நான் பஸ் ஸ்டாண்டில் உருளைக்கிழங்கு போண்டா தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருகிற ரகம். அவளுடைய விரதங்கள் எத்தனை, எது எப்போது எடுத்தது என்றெல்லாம் நான் கணக்கு வைத்துக்கொண்டதில்லை.

1996-ல் பாலமுருகன் சார் எனக்கு அந்தச் செடியைக் கொடுத்தார். நாட்டு வைத்தியத்தில் அதன் வேரைத்தான் அரைத்துப் போடுகிறார்கள், ஆகவே வேர்ப்பட்டை வேண்டும், காயவைத்துப் பொடித்தது குறைந்தது மூன்று கிலோ என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். தேவிகாபுரம் போகிற வழியில் அம்மாவுக்கு அவள் பிறந்த வீட்டில் கொடுத்த நிலம் இருக்கிறது. குத்தகைக்கு விட்டிருந்தாலும் வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அந்த வரப்பில் இந்தச் செடி வேண்டிய மட்டும் முளைத்துக் கிடக்கிறது. அம்மாவிடம் சொன்னேன்.

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. இலை போதாதா என்றாள். பூ இருக்கிறதே, காய் இருக்கிறதே, உதிர்ந்த சருகு கூட நிறைய இருக்கிறதே என்று அடுக்கினாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அன்றைக்கு நான் கத்திய கத்தலில் தெருவில் தறிச் சத்தமே நின்றுபோனது என்று எதிர்வீட்டு ரேணுகாம்பாள் அப்புறம் பல நாள் சொல்லிக் கிண்டல் செய்தாள்.

"உன் ஜீவனையெல்லாம் கோயிலோட வெச்சிக்க. எனக்கு வேர்தான் வேணும்," என்றேன். அதோடு விடவில்லை. இரண்டு நாள் அவள் சமைத்ததைச் சாப்பிடவில்லை, பேசவுமில்லை. மூன்றாம் நாள் அம்மா, சரி, கொண்டுவருகிறேன் என்றாள். ஆறேழு நடை போய்வந்தாள். மாடியில் காயவைத்து, உரலில் இடித்து, சலித்து, மூன்று துணிப்பைகளில் கட்டிக் கொடுத்தாள். பழுப்பு நிறப் பொடி. நான் ஒரு சீட்டில் 'வேர்ப்பட்டை, மூன்று கிலோ' என்று எழுதி, தேதி போட்டுப் பையில் ஒட்டினேன். செடியின் ஒரு கிளையைத் தாவரவியல் துறையில் காட்டிப் பெயரையும் உறுதி செய்துகொண்டோம். செடி சரியான செடிதான். அதில் ஒரு குற்றமும் இல்லை.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம். பொடியை ஊறவைத்து, வடித்து, சாற்றைச் சுண்டவைத்து, ஆள் உயரக் கண்ணாடிக் குழாயில் சிலிகா ஜெல் என்ற வெள்ளைத் தூளை நிரப்பி, அதன் தலையில் அந்தச் சாற்றை வைத்துக் கரைப்பானை ஊற்றிக்கொண்டே நிற்க வேண்டும். கீழே சொட்டுச் சொட்டாக ஒவ்வொரு பொருளும் தனித்தனியாக இறங்கிவரும். நூறு குப்பியில் பிடித்தால் தொண்ணூற்றெட்டு குப்பை. மிச்சத்தில் ஒன்றுதான் அது. இளமஞ்சள் தூள், மூன்று கிலோவுக்கு நாற்பத்தொரு மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. சென்னைக்கு அனுப்பி, அணுக்கள் இருக்கும் இடத்தைத் தாளில் கோடுகளாகக் காட்டும் என்.எம்.ஆர். எடுத்தோம். அந்தத் தாளில் வருகிற கோடுகளைப் பார்த்துப் பார்த்து, இந்தக் கோடு இந்த ஹைட்ரஜன், அது இதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிடித்து, மூன்று வளையம் கொண்ட ஓர் அமைப்பை வரைந்தேன். யாரும் அதற்கு முன் எழுதியிராத அமைப்பு. 1998-ல் கட்டுரை வெளியானது. என் பெயர் முதலில், சார் பெயர் இரண்டாவது. கல்லூரியில் முதல்வர் கூப்பிட்டுக் கை கொடுத்தார்.

மறு வருஷமே வடக்கேயிருந்து ஓர் ஆய்வகம் எழுதியது. அதே செடியின் வேர்ப்பட்டையை எட்டு கிலோ எடுத்து இரண்டு முறை பார்த்தோம், நீங்கள் சொன்ன சேர்மம் இம்மியளவும் இல்லை, தயவுசெய்து உங்கள் மாதிரியில் கொஞ்சம் அனுப்புங்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்கள். மாதிரி எங்கே இருக்கிறது அனுப்ப? சோதனைகளுக்குப் போக மிஞ்சியிருந்த ஐந்து மில்லிகிராமும் வெளிச்சம் பட்டுக் கெட்டுப்போயிருந்தது. சார் முகத்தில் ஈயாடவில்லை. மறுபடி செய் என்றார்.

செய்தேன். ஆய்வக அட்டெண்டரோடு நானே மலையடிவாரத்துக்குப் போய் வேரைத் தோண்டி எடுத்துவந்தேன். இல்லை. அம்மாவின் வரப்பிலேயே தோண்டச் சொல்லி அட்டெண்டரை அனுப்பினேன். அதிலும் இல்லை. மழைக்காலத்து வேரைப் பார்த்தோம், கோடைக்காலத்து வேரைப் பார்த்தோம். தண்டைப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? வேர் என்று நானே என் கையால் எழுதி ஒட்டியிருந்தேன். ஒருநாள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் கேட்டேன், அன்றைக்குக் கொடுத்தது வேர்தானே என்று. கேட்டேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. கத்தினேன். என் பிழைப்பே நாசமாகப் போகிறது, ஒழுங்காகச் சொல், வேர்தானா என்றேன்.

"வேர்தான்," என்றாள் அம்மா. திரும்பி அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அப்படியென்றால் தவறு என்னுடையதுதான். எந்தக் குப்பியையோ மாற்றி வைத்துவிட்டேன், ஆய்வகத்தில் வேறு யாரோ செய்துவைத்த பொருள் என்னுடையதில் கலந்துவிட்டது. இப்படி ஒரு வருஷம் என் நோட்டுப் புத்தகங்களையே புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தவறும் அகப்படவில்லை. சார்தான் ஒரு வழி சொன்னார். அப்படி ஒரு மூலக்கூறு இருக்க முடியும் என்றால் அதை ஆய்வகத்தில் நீயே உண்டாக்கிக் காட்டு, கட்டுரையில் போட்ட கோடுகளும் அதன் கோடுகளும் ஒத்துப்போனால் யாரும் வாய் திறக்க முடியாது என்றார். சொல்லிவிட்டு அவர் கை கழுவிக்கொண்டார். அதன் பிறகு என் மேசைப் பக்கமே அதிகம் வரமாட்டார்.

பதினோரு படிகள். கடையில் வாங்குகிற சாதாரணப் பொருளில் ஆரம்பித்து, ஒவ்வொரு படியிலும் ஒரு கை ஒரு கால் ஒட்டவைத்து, கடைசியில் அந்த மூன்று வளையத்துக்குக் கொண்டுவர வேண்டும். எட்டாவது படி வரை ஒன்றரை வருஷத்தில் வந்துவிட்டேன். ஒன்பதாவதில் மூன்றாம் வளையம் மூட வேண்டும். மூடவில்லை. சூடாக்கினால் தாராகும், குளிரவைத்தால் போட்டது போட்டபடி இருக்கும். இரண்டு வருஷம் அந்த ஒரு படியில் நின்றேன். ஒவ்வொரு முறை தோற்கும்போதும் மறுபடி முதல் படியிலிருந்து செய்துகொண்டு வர வேண்டும், ஒன்பதாவதுக்குப் போடக் கையில் பொருள் வேண்டுமே. இதற்கு நடுவில் இரண்டு வரன் வந்தது, போனது. தெருவில் பாதிப் பேர் கைத்தறியை எடுத்துவிட்டு விசைத்தறி போட்டார்கள். என் கூடச் சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கிவிட்டார்கள், எனக்குப் பின்னால் வந்தவர்களும் வாங்கிவிட்டார்கள். மாநாடுகளில் என் பெயரைச் சொன்னால் ஒரு சிரிப்பு வரும் என்று ஒருத்தி அக்கறையாக வந்து சொன்னாள். நல்லது என்றேன்.

அந்த நாட்களில் எனக்குக் கோபம்கூட வராமல் போனது. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது, அப்படி. வகுப்பு எடுப்பேன், பஸ் ஏறுவேன், குடுவையைக் கழுவுவேன், வீட்டுக்கு வந்து அம்மா பொழுது சாய்வதற்குள் எடுத்து மூடி வைத்ததைச் சாப்பிடுவேன். என்ன குழம்பு என்று கேட்டால் தெரியாது. அம்மாவும் ஒன்றும் கேட்கமாட்டாள். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஐந்து வருஷம் உப்பு, தண்ணீர், கதவு என்று பேசியே காலம் தள்ளிவிட்டோம்.

2004 கடைசியில் வளையம் மூடியது. வேறு ஒன்றுக்காக வைத்திருந்த ஒரு வினையூக்கியைப் போட்டுப் பார்த்தேன், மூடிவிட்டது. 2005 ஜூனில் பதினோராவது படி முடிந்து, இருபது மில்லிகிராம் இளமஞ்சள் தூள் கையில் இருந்தது. சென்னையிலிருந்து தாள் வந்தது. ஏழு வருஷத்துக்கு முந்தைய தாளின் மேல் அதை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு கோடுகூட விலகவில்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய் டீ குடித்தேன்.

ஆகஸ்டில் என் ஆய்வை விசாரிக்க ஒரு குழுவைக் கூட்டினார்கள். துறைத் தலைவர், வெளியிலிருந்து ஒரு பேராசிரியர், எங்கள் சார். நான் இரண்டு தாளையும் மேசையில் பரப்பினேன். வெளியிலிருந்து வந்தவர் பொறுமையாகப் பார்த்தார். அழகான வேலை என்று பாராட்டினார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"உங்களால இதைச் செய்ய முடியும்னு நிரூபிச்சிட்டீங்க. செடியால முடியும்னு நிரூபிக்கலையே. அப்பவே இங்கே செஞ்சு வெச்சிட்டு, செடியில இருந்துச்சுன்னு எழுதியிருக்கலாம் இல்லீங்களா?"

நான் சாரைப் பார்த்தேன். அவர் மேசையில் இருந்த பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து வருஷம் நான் பாடுபட்டது, புளுகுகிறவள் என்ற பேரோடு விடாமல், என்னைப் புளுகுவதற்குக் கையில் சரக்கும் வைத்திருந்தவள் என்று ஆக்கிவிட்டது. முடிவாகச் சொன்னது இது: பத்து நாளில் அதே நிலத்திலிருந்து அந்தச் செடியின் வேரைக் கொண்டுவர வேண்டும், அவர்கள் ஆள் கூடவே இருக்க நான் பிரித்துக் காட்ட வேண்டும். சேர்மம் வராவிட்டால் என் பதிவு ரத்து, கட்டுரை வாபஸ். நான் வேலை பார்க்கும் கல்லூரிக்கும் கடிதம் போகும். வராது என்று எனக்கே தெரியும். எத்தனை முறை பார்த்தாயிற்று. சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் அம்மா இலையைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நான் சோற்றைத் தொடவில்லை. உடம்புக்கு என்ன என்றாள். எதற்குச் சொன்னேனோ தெரியவில்லை, சொன்னேன். முதல் முறையாகக் கத்தாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கொடுத்த பொடி, அதிலிருந்து எடுத்த தூள், வடக்கேயிருந்து வந்த கடிதம், பதினோரு படி, இன்று பிஸ்கட் தட்டு வரைக்கும். கத்துவதற்குத் தெம்பு இல்லை, அதனால்தான். அம்மா நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வேர்ல இல்லன்னா உன்ன இன்னா சொல்லுவாங்க?"

"பொய் சொன்னேன்னு சொல்லுவாங்க. வேலயும் போவும்."

அவள் எழுந்து போய்த் தண்ணீர் எடுத்துவந்து வைத்தாள்.

காலையில் எழுந்தபோது அம்மா வீட்டில் இல்லை. கோயிலுக்குப் போயிருப்பாள் என்று இருந்தேன். வாசலில் பாவுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்த ரேணுகாம்பாள்தான் கூப்பிட்டாள். விடிந்ததும் விடியாததுமாக அம்மா அவள் வீட்டுக்கு வந்து கடப்பாரையும் மண்வெட்டியும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாளாம்.

"இன்னாத்துக்குன்னு கேட்டேன் சந்தனா. வாயே தொறக்கல. உங்கூட்ல கடப்பார எடுத்து நான் பார்த்ததே இல்ல," என்றாள்.

கல்லூரிக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு மணி பஸ்ஸில் அம்மா வந்தாள். தலையில் ஒரு சாக்கு, கையில் கடப்பாரை. அறுபத்திரண்டு வயசு. சாக்கைக் கூடத்தில் இறக்கினாள். ஆறு செடி, வேரோடு, மண்ணோடு. கட்டைவிரல் கனத்தில் வேர்கள், பாதி அறுந்தும் நசுங்கியும். தோண்டத் தெரியாத கை தோண்டியது என்று பார்த்தாலே தெரிந்தது. அவள் உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம் உடைந்து தோல் தொங்கியது.

"ஜல்தி எடுத்துனு போ. வாடறதுக்குள்ள," என்றாள்.

யார் தோண்டியது என்று கேட்டேன். நானேதான் என்றாள். குத்தகைக்காரனைத் தோண்டச் சொல்லியிருக்கலாமே என்றேன். சொல்லக் கூடாது என்றாள். நான் ஒரு வேரைக் கையில் எடுத்தேன்.

"அன்னிக்கும் நீயேதான் தோண்டினியா?"

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நான் தோண்டல. தரைக்கு மேல தண்டுத் தோலத்தான் கத்தில சீவிகினு வந்தேன். அதத்தான் காய வெச்சி இடிச்சேன்."

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். நான் பிறந்த வருஷம் ஊருக்கு ஒரு முனிவர் வந்தாராம். அவர் முன்னால் எடுத்த விரதமாம், உயிரோடு இருக்கிற எந்தச் செடியையும் வேரோடு எடுப்பதில்லை என்று. வேருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கணக்கில்லாத ஜீவன்கள். தானும் செய்யக் கூடாது, இன்னொருத்தரை விட்டுச் செய்விக்கவும் கூடாது, ஒருத்தர் செய்யும்போது பார்த்துச் சரி என்று தலையாட்டவும் கூடாது. கூலிக்கு ஆள் வைத்துத் தோண்டியிருந்தால் அதுவும் அவள் செய்ததுதான். பொய் சொல்வதும் பாவம் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பாவம் தன்னோடு போகும், வேரில் இருக்கிறதுகள் என்ன செய்தது என்று நினைத்தாளாம். இலைப் பொடி என்றால் பச்சை நிறமே காட்டிக்கொடுத்துவிடும், தண்டுத் தோலை இடித்தால் வித்தியாசம் தெரியாது. எல்லாம் ஒரே செடிதானே, ஒரே சத்துதானே என்று இருந்துவிட்டாள்.

அப்புறம் நான் செருப்போடு வந்து கேட்டேனே, அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்றேன். குரல் உயரவில்லை.

"நீ நின்ன நெலயப் பார்த்து பயந்துட்டேன் கண்ணு. சொன்னா நீ வூட்ட வுட்டுப் போயிடுவேன்னு நெனச்சேன்," என்றாள். முந்தானையால் உள்ளங்கையைச் சுற்றிக்கொண்டாள். "தப்பான சரக்கக் குடுத்ததாலதான இல்லன்னு சொல்றாங்க? இந்தா, இது நெஜ வேர். இதுல இருக்கும். போய்க் காட்டு."

நான் அந்த ஆறு செடிகளையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்குத் தலைகீழாகப் புரிந்திருந்தது. அன்று அவள் கொடுத்த 'தப்பான சரக்கில்'தான் அது இருந்தது. இந்த வேரில் இல்லை, ஒருபோதும் இருந்ததில்லை. ஒரு பிடி தண்டுத் தோல் போதும். கத்தியால் சீவிக்கொண்டு வந்திருக்கலாம். ஒரு செடிகூடச் சாக வேண்டியதில்லை, முப்பத்து நாலு வருஷ விரதம் போக வேண்டியதில்லை. ஆறு வருஷம் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். என் வாய்க்குப் பயந்து என் அம்மா பொய் சொன்னாள். அந்தப் பொய்யை நான் ஆறு வருஷம் குடுவையில் போட்டுக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். இவ்வளவும் தெளிவாகப் புரிந்தது. அழுகையோ கோபமோ ஏதாவது வரும் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. எண்ணெய் எடுத்துவந்து அவள் கையில் தடவினேன்.

தண்டை வெட்டிப் போட்டுவிட்டு வேரை மட்டும் எடுத்துப் போ, பாரம் குறையும் என்றாள் அம்மா. இருக்கட்டும் என்று சொல்லி முழுச் செடியாகவே சாக்கில் போட்டுக் கட்டினேன்.

ஆய்வகத்தில் அவர்கள் அனுப்பிய ஆள் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கூடவே உட்கார்ந்திருந்தான். வேர்ப்பட்டையைத் தனியாக, தண்டுப்பட்டையைத் தனியாக உரித்து, இரண்டையும் ஒரே மாதிரி செய்தேன். எட்டாம் நாள் கண்ணாடித் தகட்டில் சாறுகளை வைத்து, பக்கத்தில் நான் உண்டாக்கிய தூளையும் ஒரு பொட்டு வைத்து ஓடவிட்டு, புற ஊதா விளக்கின் கீழே பிடித்தேன். தண்டுப்பட்டையில் அதே உயரத்தில் அதே பொட்டு. பிரித்து எடுத்து சென்னைக்கு அனுப்பினோம், அதே கோடுகள். குழு ஒப்புக்கொண்டது. வெளியிலிருந்து வந்தவர் எழுந்து நின்று கை கொடுத்தார். சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முதலிலேயே தண்டைப் பார்த்திருக்கலாம் அம்மா என்றார். பார்த்திருக்கலாம்தான். ஆறு வருஷம் கழித்து எல்லோருக்கும் புத்தி வந்துவிடுகிறது.

திருத்தக் குறிப்பை நான்தான் எழுதினேன். சேகரித்தபோது நேர்ந்த பிழையால் தண்டுப்பட்டை வேர்ப்பட்டை என்று குறிக்கப்பட்டது, வருந்துகிறோம் என்று இரண்டு வரி. கீழே ஒரு சின்ன அட்டவணை. இலை, தண்டுப்பட்டை, வேர்ப்பட்டை என்று மூன்று வரிசை. வேர்ப்பட்டைக்கு நேராக 'இல்லை' என்று போட வேண்டும். அதைத் தட்டச்சு செய்யக் கொஞ்ச நேரம் பிடித்தது. அம்மா ஒருநாள் காலை முழுக்கக் கடப்பாரையோடு போராடிக் கொண்டுவந்தது அந்த ஒரு சொல்லாக ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்து. அம்மா விரதம் கெட்டதற்காக ஒரு மண்டலம் ஒருவேளைச் சாப்பாடு என்று ஆரம்பித்திருந்தாள். இருபதாம் நாளோ இருபத்தொன்றாம் நாளோ. கன்னம் ஒட்டியிருந்தது. உள்ளங்கை ஆறி, புதுத் தோல் சிவப்பாக இருந்தது. எனக்காக அடுப்பில் உலை வைத்திருந்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். ஒத்துக்கொண்டார்கள் அம்மா, பட்டம் வந்துவிடும், வேலைக்கும் ஒன்றும் இல்லை என்றேன். அவள் இரண்டு கையையும் கூப்பி ஏதோ முணுமுணுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வேர்ல இருந்துச்சா?"

ஆறு வருஷம் யார் யாரோ என்னைப் பொய்க்காரி என்றார்கள். அத்தனை வருஷத்திலும் நான் ஒரு வரி பொய் எழுதியதில்லை, ஒரு சொல் பொய் சொன்னதில்லை.

"இருந்துச்சும்மா. நெறையவே இருந்துச்சு," என்றேன்.

"அப்ப அதுங்க செத்தது வீணாப் போவல," என்றாள் அம்மா. எழுந்து அரிசியைக் களைந்து உலையில் போட்டாள்.